பெட்டியை அளந்துவிட்டுப் பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் கும்பகோணத்து வாசகர் ஒருவரின் கடிதம் படித்தேன். ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகனுக்கு முறுக்கும் தட்டையும் அனுப்பப் போனாராம். பலகாரத்துக்கு ஆன செலவை விட அனுப்பும் கூலி கூடிப்போச்சாம். "எந்த கூரியர்தான் மலிவு, யாராவது சொல்லுங்களேன்" என்று முடித்திருந்தார். அவருடைய கோபம் நியாயம். கேள்விதான் எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த கம்பெனி மலிவு என்பது கடைசியாகக் கேட்க வேண்டியது. அனுப்பும் பொருள் கனமா, இடத்தை அடைக்குமா, எத்தனை நாளில் போய்ச் சேர வேண்டும் என்ற மூன்றையும் முதலில் பார்த்துக்கொண்டால், எங்கே போக வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இதைச் சொல்ல நான் யார் என்றால், தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் குடியிருக்கிறவள். எங்க வீட்டுக்காரர் நெட்டி வேலை செய்கிறார். செதுக்குவது அவர். அட்டைப்பெட்டி தேடுவது, கட்டுவது, கொண்டுபோய்ப் போடுவது, உடைந்து போனால் வாங்கியவரிடம் போனில் பேச்சு வாங்குவது எல்லாம் நான். நெட்டி தெரியாதவர்கள் இருக்கலாம். குளம் குட்டையில் வளரும் ஒரு செடியின் தண்டு அது. மேல்தோலைச் சீவினால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும், கையில் எடுத்தால் எடையே தெரியாது. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டுகிறோமே, அந்த நெட்டி மாலை இதில்தான். அதே தண்டில் பெரிய கோயில் விமானமும் செய்கிறோம், நந்தியும் செய்கிறோம். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் பார்சல் போடும் இடத்தில் இதைப் போல வயிற்றெரிச்சல் தரும் சரக்கு வேறு கிடையாது.

ஏன் என்று சொல்கிறேன். கூரியர்காரர்கள் தராசில் காட்டும் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, ஒன்றோடொன்று பெருக்கி, 5,000 ஆல் வகுப்பார்கள். வருகிற எண் கிலோ கணக்கு. வால்யூம் வெயிட் என்பார்கள். அதையும் தராசு எடையையும் வைத்துப் பார்த்து எது கூடுதலோ அதற்குத்தான் பில். ஓரடி உயர விமானம் ஒன்று, அக்ரிலிக் மூடியோடு சேர்த்து ஒன்றேகால் கிலோ இருக்கும். அதை 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள பெட்டியில் போட்டால் பெருக்கி வருவது 36,000. ஐயாயிரத்தால் வகுத்தால் 7.2 கிலோ. ஏழரை கிலோவாகவோ எட்டு கிலோவாகவோ ஏற்றிக்கொள்வார்கள். ஒன்றேகால் கிலோ பொருளுக்கு எட்டு கிலோ கூலி!

அதே விமானத்தை 36, 26, 26 அளவுப் பெட்டியில் அடக்கினால் 24,336. வகுத்தால் ஐந்து கிலோவுக்குள் வந்துவிடும். மூன்று பக்கமும் நாலு நாலு சென்டிமீட்டர், அதாவது இரண்டு விரல் அகலம் குறைத்ததில், குறைந்தது இரண்டரை கிலோவுக்கான காசு மிச்சம். கூரியர் கம்பெனியை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் இவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாது. மளிகைக் கடையில் கிடைக்கும் பிஸ்கட் பெட்டியையோ சோப்புப் பெட்டியையோ அப்படியே எடுத்து, உள்ளே காலியாகக் கிடக்கும் இடத்தில் பேப்பரைத் திணித்து அனுப்புகிறோம் பாருங்கள், அந்தக் காலி இடத்துக்குத்தான் நாம் காசு கட்டிக்கொண்டிருக்கிறோம். பெட்டியின் நாலு மூலையிலும் கத்தியால் கீறி, உயரத்தைக் குறைத்து மடக்கி ஒட்டலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். பார்க்க அழகாக இருக்காது. வாங்குகிறவர் பெட்டியை ஷோகேஸில் வைக்கப் போவதில்லை.

கும்பகோணத்து வாசகரின் முறுக்கும் இந்த வகைதான். முறுக்கு பாதிக்குப் பாதி காற்று. உருண்டை டின்னில் போட்டு, அந்த டின்னைச் சதுரப் பெட்டியில் வைத்தால் நாலு மூலையும் வேறு வீண். தட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், அடங்கும். அதிரசம் இன்னும் நன்றாக அடங்கும், ஆனால் அது கனம், தராசில் ஏறிவிடும். முறுக்குக்குச் சதுர டப்பா வாங்கிக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் மகனைக் கேட்டுவிட்டு ரிப்பன் பக்கோடா பொரித்துப் போடட்டும், பொடிந்தாலும் அதே ருசிதான்.

கனமான பொருளுக்குக் கணக்கு தலைகீழ். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வியாபாரம் பண்ணுகிற உறவுக்காரர் எங்களுக்கு உண்டு. விளக்கை அடி, தண்டு, அகல், மேலே பிரபை என்று திருகிக் கழற்றிவிடலாம். ஐந்து கிலோ விளக்கைக் கழற்றிப் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்தால் 45, 20, 20 அளவுப் பெட்டி போதும். வால்யூம் கணக்கில் 3.6 கிலோதான் வரும். அங்கே தராசுதான் பேசும். அவருக்குப் பெட்டியைச் சுருக்கிப் பிரயோசனமில்லை, பித்தளையைச் சுருக்கவா முடியும்? அவர் கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்டுப் பேரம் பேச வேண்டும். நான் சென்டிமீட்டரோடு மல்லுக்கட்ட வேண்டும். தலையாட்டி பொம்மைக்காரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நாட்டியப் பொம்மையின் பாவாடைப் பகுதி உள்ளே கூடு. உடம்பையும் தலையையும் கழற்றித் தனித்தனியாகத் தாளில் சுற்றி அந்தக் கூட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் பெட்டியின் உயரம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த தந்திரம் ஒன்று. நெட்டிப் பெட்டிக்கு ஐந்து கிலோ காசு கட்டுகிறோம், உள்ளே போவது ஒன்றேகால் கிலோ. மீதி மூன்றே முக்கால் கிலோ எடை கூலியில்லாமல் போகலாம் என்று அர்த்தம். அதனால் சென்னையில் ஒரே கடைக்கு அனுப்பும்போது, பக்கத்துத் தெருவில் தஞ்சாவூர் தட்டு செய்கிறவரின் தட்டுகளையும் பெட்டியின் அடியில் அட்டைத் தடுப்பு வைத்துப் போட்டுவிடுவேன். தட்டுக்கு இடம் வேண்டாம், எடைதான். நெட்டிக்கு எடை இல்லை, இடம்தான். கூலியை இருவரும் பாதிப் பாதி போட்டுக்கொள்கிறோம். தடுப்பு மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும். தட்டு நழுவி மேலே வந்தால் விமானம் மாவாகிவிடும்.

தனியார் கூரியரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஒரு கூரியர் கிளையில் தராசு எடையைப் பார்த்து ஒரு தொகை சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். பெட்டி திருச்சிக்குப் போனபின் அங்கே அளந்து பார்த்தார்களாம், வித்தியாசத்தைக் கட்டினால்தான் மேலே போகும் என்று போன் வந்தது. பெட்டி அவர்கள் கையில், நான் என்ன பேரம் பேசுவது? கட்டினேன். அன்றிலிருந்து கவுண்டரில் நிற்கும்போதே டேப்பை எடுத்து நானே அளந்து, மூன்று அளவையும் ரசீதில் எழுதச் சொல்கிறேன். எழுத மாட்டோம் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். பெட்டியைத் தராசில் வைத்து, மேலே டேப்பை விரித்து ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல கூரியர்களின் விலையை ஒரே இடத்தில் காட்டி ஆன்லைனில் புக் செய்யும் வசதி இப்போது வந்திருக்கிறது, கவுண்டர் விலையை விடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது. ஆனால் அங்கேயும் அளவு நாம் தட்டிக் கொடுப்பதுதான். தப்பாகத் தட்டினால் வித்தியாசம் நம் தலையில்.

தபால் ஆபீஸுக்கு வருகிறேன். அந்த வாசகர் தபால் துறையையும் சேர்த்துத் திட்டியிருந்தார். அதில் எனக்கு உடன்பாடில்லை. தூர ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால் நான் இன்றைக்கும் முதலில் ஏறுவது அஞ்சலகப் படிதான். 2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட் கட்டணத்தை மாற்றினார்கள். ஆவணக் கட்டு ஒன்று அரைக் கிலோ வரை இருந்தால், 200 கிலோமீட்டருக்குள் 70 ரூபாய், 2,000 கிலோமீட்டருக்கு மேல் 93 ரூபாய், அதற்கு மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. தூரம் பத்து மடங்கு ஏறினாலும் காசு 23 ரூபாய்தான் ஏறுகிறது. பார்சலுக்குக் கட்டணம் தனி. திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் கூரியர் மலிவாக இருக்கலாம். குவாஹாத்திக்கும் ஜம்முவுக்கும் விலை கேட்டுப் பாருங்கள், தெரியும். அதிலும் எந்தக் கூரியரும் எட்டிப் பார்க்காத கிராமத்துப் பின்கோடு என்றால் தபால்காரர் ஒருவர்தான் வீட்டு வாசல் வரை போவார்.

தபால் துறையோடு எனக்கு வேறு சண்டை. மெதுவாகப் போனால் போதும், மலிவாகப் போகட்டும் என்கிறவர்களுக்கு இருந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறார்கள். 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். முன்பு ஒரு பத்திர நகலைப் பதிவுத் தபாலில் போட்டால் 30 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இப்போது வெளியூருக்கு 50 கிராம் வரை 47 ரூபாய், வரியோடு 55 ரூபாய் 46 காசு. பதிவு வேண்டும், அதாவது பெயருக்கு உரியவர் கையிலோ அவர் அதிகாரம் கொடுத்தவர் கையிலோதான் கொடுக்க வேண்டும் என்றால் அதற்கு இன்னொரு 5 ரூபாயும் வரியும். அவசரம் இருக்கிறவருக்கு இது நல்ல சேவை, நான் மறுக்கவில்லை. நோட்டீஸ் அனுப்புகிற வக்கீல் கட்டிவிடுவார். குத்தகைத் தகராறில் மாட்டியிருக்கிற சிறு விவசாயி, அவசரமே இல்லாத காகிதத்துக்கு ஏன் வேகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும்?

புத்தகத்துக்கும் இப்படித்தான் ஆயிற்று. பதிவு செய்த புக் போஸ்ட்டில் ஐந்து கிலோ புத்தகம் 80 ரூபாய் வாக்கில் போய்க்கொண்டிருந்தது. 2024 டிசம்பரில் அதை நிறுத்தினார்கள். சிறு பதிப்பாளர்களும் வாசகர்களும் கூச்சல் போட்டார்கள். 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரை வழியாகப் போகும், டிராக்கிங் உண்டு. இது நல்ல சேவைதான், ஆனால் தஞ்சாவூரில் நான் விசாரித்தவரை பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. வேதாரண்யத்தில் இருக்கும் என் அண்ணன் மகள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறாள். இங்கே என் மகள் படித்து முடித்த புத்தகங்களை அவளுக்கு இதில்தான் போடுகிறேன். விதிகள் உண்டு. பாட, இலக்கிய, பண்பாட்டு, சமயப் புத்தகம் போன்றவையாக இருக்க வேண்டும், அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் அதில் இருக்க வேண்டும். வாரப் பத்திரிகை, விளம்பரப் புத்தகம் எல்லாம் ஆகாது. ஜெராக்ஸ் நோட்ஸ் கட்டும் இதில் வராது. "அத்தை, நோட்ஸையும் நடுவில சொருகி வைங்களேன்" என்றாள். அதெல்லாம் முடியாது, புத்தகம் மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். நோட்ஸை போனில் போட்டோ எடுத்து அனுப்பினால் போகிறது, அதற்குத் தபால் எதற்கு?

மாணவர்களுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் பத்து விழுக்காடு தள்ளுபடி என்று அறிவித்திருக்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும் என்பது என் அனுபவம். அஞ்சலகக் கவுண்டரில் இருப்பவர்களைக் குறை சொல்ல மனமில்லை. சேமிப்புக் கணக்கு, ஆதார், பார்சல் என்று எல்லாவற்றையும் அவர்களே பார்க்கிறார்கள். இருக்கிற சேவைகளையும் கட்டணங்களையும் தமிழில் பெரிதாக எழுதி ஒரு பலகை மாட்டினால் அவர்களுக்கும் பதில் சொல்கிற வேலை மிச்சம். ஞான் போஸ்ட் என்ற பெயரைத் தமிழில் எழுதிய ஒரு பலகையை நான் இன்னும் பார்க்கவில்லை.

லாரி பார்சல் ஆபீஸ் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் தொழில்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். இருபது, முப்பது கிலோவைத் தாண்டினால், அதுவும் கடைக்கு அனுப்புவதென்றால், லாரி சர்வீஸை மிஞ்ச முடியாது. ஆனால் அங்கே சொல்லும் முதல் தொகையை நம்பக்கூடாது. கூலி ஒன்று சொல்வார்கள். பிறகு ஏற்றி இறக்க ஹமாலி, எல்.ஆர். என்கிற லாரி ரசீது போட ஒரு சார்ஜ், வீட்டில் கொண்டுவந்து தர வேண்டுமென்றால் டோர் டெலிவரி தனி. "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள். இங்கேயே கட்டினால் பெய்டு, வாங்குகிறவர் கட்டினால் டூ-பே. டூ-பே போடுவதற்கு முன் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சரக்கு அவர்கள் குடோனில் கிடக்கும், நம் பேரும் கெடும். விளக்கு, பட்டு மாதிரி விலை உயர்ந்த சரக்குக்கு இன்னொன்று: தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு, வேண்டும். வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலேயே வேண்டும்.

ரயில் பார்சலும் கனத்துக்கு மலிவுதான். பார்சல் ஆபீஸுக்கு முன்கூட்டியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அந்தப் பக்கம் ஒருவர் ஸ்டேஷனுக்குப் போய் எடுக்க வேண்டும், நேரத்தில் எடுக்காவிட்டால் அதற்கும் காசு. எங்கள் மாதிரி ஒற்றைப் பெட்டிக்காரர்களுக்குச் சரிப்படாது.

கட்டுவதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். உடைந்து திரும்பும் பார்சல்தான் உலகத்திலேயே விலை அதிகமான பார்சல். டெல்டாவில் வைக்கோலுக்கா பஞ்சம் என்று பலர் வைக்கோலைத் திணிக்கிறார்கள். உள்ளூருக்குப் பரவாயில்லை. வெளிநாட்டுக்குப் போகிற பெட்டியில் வைக்கோல் வைத்தால் பல நாடுகளில் பயிர் நோய், பூச்சி என்று சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள். நான் வைப்பது பழைய செய்தித்தாள், பெரும்பாலும் உங்கள் பத்திரிகைதான். கோபிக்க வேண்டாம், துபாயில் ஒரு அம்மா அந்தக் கசங்கின தாளை நீவி வைத்து ஆடிப்பெருக்குச் செய்தி படித்ததாகச் சொன்னார்.

வெளிநாடு என்றதும் 2025 கொலு ஞாபகம் வருகிறது. புரட்டாசி எங்களுக்குத் தீபாவளி மாதிரி. அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்கள் ஆவணியிலேயே கொலுவுக்குப் பொருள் கேட்பார்கள். அந்த வருஷம் அமெரிக்க அரசு, 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை ஆகஸ்ட் 29 முதல் நீக்கியது. யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவில்லாததால் நம் தபால் துறை அமெரிக்காவுக்கான பார்சல்களை ஆகஸ்ட் 25 முதல் நிறுத்தியது. திரும்பத் தொடங்கியது அக்டோபர் 15. நவராத்திரி அதற்குள் வந்து போய்விட்டது. தொடங்கியபோது, பொருளின் மதிப்பில் 50 விழுக்காட்டை வரியாக இங்கேயே கவுண்டரில் கட்டச் சொன்னார்கள். அந்த வரியை நானும் நீங்களும் குறைக்க முடியாது. ஆனால் அந்த நாட்களில் தனியார் எக்ஸ்பிரஸ் கூரியரில் விலை கேட்டுவிட்டு, பொம்மையே வேண்டாம் என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். கட்டணமே கடையை மூடும் என்பதை அப்போது நேரில் பார்த்தோம். வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் புக் செய்கிற அன்று காலையில் ஒருமுறை விசாரித்துவிட்டுப் போவது நல்லது. போன மாத விலையை நம்பி வாங்குகிறவரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் தூர ஊர்க் கதை. எனக்கு உண்மையில் வயிற்றெரிச்சல் பக்கத்து ஊருக்கு அனுப்புவதில்தான். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஒரு சின்னப் பெட்டி அனுப்ப வேண்டும். மணிக்கு மணி பஸ் போகிறது. ஆனால் கூரியரில் போட்டால் பெட்டி முதலில் மேற்கே திருச்சிக்குப் போய், அங்கே பிரித்து, மறுபடி தஞ்சாவூர் வழியாகவே கிழக்கே நாகைக்கு வருகிறது! அதற்கும் நான்தான் காசு கட்டுகிறேன். அதனால் எல்லோரும் என்ன செய்கிறோம்? பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தெரிந்த டிரைவரையோ கண்டக்டரையோ பிடித்து, "அண்ணே, நாகையில ஒருத்தர் வந்து வாங்கிப்பாரு" என்று கையில் ஏதோ கொடுத்துவிட்டு வருகிறோம். டெல்டாவில் மாத்திரை, ஜாதகம், மறந்துவிட்டு வந்த மூக்குக் கண்ணாடி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் இப்படித்தான் போகின்றன. மலிவு, வேகம், இரண்டும் உண்டு. ரசீதுதான் கிடையாது. காணாமல் போனால் கேட்க நாதியில்லை. கண்டக்டருக்கும் ஆபத்து, செக்கிங் வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதை முறைப்படி செய்வதில் என்ன தடை? அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் 2022 ஆகஸ்டில் பார்சல் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. திருச்சி, மதுரை மாதிரி ஊர்களுக்கும் சென்னைக்கும் ஓடும் பஸ்களில் சரக்குப் பெட்டியை நாள் வாடகைக்கோ மாத வாடகைக்கோ எடுத்துக்கொள்ளலாம். நல்ல யோசனை, ஆனால் அது மூட்டைக்கணக்கில் அனுப்பும் வியாபாரிக்கு. ஒற்றைப் பெட்டிக்காரிக்கு அதில் இடமில்லை. கேரளத்தில் அரசு போக்குவரத்துக் கழகம் 2023 ஜூனில் கூரியர் தொடங்கி, டிப்போவிலிருந்து டிப்போவுக்கு 16 மணி நேரத்தில் சேர்ப்போம் என்றது. கர்நாடகத்தில் 2021லேயே சரக்குச் சேவையைத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊரில் மகளிர் சுய உதவிக் குழுவினர் தாங்கள் செய்த பொருளை 25 கிலோ வரை, 100 கிலோமீட்டர் தூரம், அரசு பஸ்ஸில் கூலியில்லாமல் கொண்டுபோகலாம் என்று அரசே சொல்லியிருக்கிறது. நானும் குழுவில் இருக்கிறவள்தான், நல்ல சலுகை. ஆனால் பெட்டியோடு நானும் போக வேண்டுமே! ஒரு பெட்டிக்காக ஒரு பெண்ணின் ஒரு நாள் வேலை போய்விடுகிறது. பெட்டி மட்டும் தனியாகப் போக வழி பண்ணுங்கள், கூலியும் தருகிறோம்.

டெல்டா மாவட்டங்களில் ஓடும் அரசு பஸ்கள் பெரும்பாலும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத்தைச் சேர்ந்தவை. சென்னையைக் கேட்டு நிற்காமல், கோட்டம் அளவிலேயே சோதனை பார்க்கலாம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம், பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுகளில் ஊருக்கு ஒரு கவுண்டர், ஒரு தராசு, ஒரு ரசீதுப் புத்தகம். பத்து கிலோ வரை இவ்வளவு, இருபது கிலோ வரை இவ்வளவு என்று எடைக்கு மட்டும் காசு. பெட்டி இன்ன அளவைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளட்டும், அதற்குள் அடக்குவது எங்கள் பாடு. வாங்குகிறவர் போனுக்கு ஒரு எண் வரட்டும், அதைக் காட்டிப் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளட்டும். வீடு தேடி வர வேண்டாம். இரவு கவுண்டர் மூடினால் காலையில் வாங்கிக்கொள்ளட்டும். கண்டக்டருக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று படி கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் ஏற்ற மாட்டார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லையென்றால் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், 5,000 ஆல் வகுக்கும் கணக்கையும் பஸ் விஷயத்தையும் மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள். கும்பகோணம் கோட்டத்து அதிகாரிகள் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். முடியும், முடியாது, முடியாதென்றால் என்ன காரணம் என்று அவர்கள் உங்கள் பத்திரிகையிலேயே நாலு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
நெட்டிப் பெட்டி கட்டும் வாசகி,
கீழவாசல், தஞ்சாவூர்.